உரைகளைத் தள்ளிவிட்டு லாவோட்சுவைப் படிக்க முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: பழைய சீன ஞானி லாவோட்சுவின் பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங்குக்கு (நூலையும் லாவோட்சு என்றே சொல்வது வழக்கம்) இரண்டு மொழிபெயர்ப்புகள் உங்கள் கையில் இருக்கின்றன. ஒன்றில் ஆறாம் அத்தியாயம் தத்துவமாக இருக்கிறது. மற்றொன்றில் அதே அத்தியாயம் மூச்சுப் பயிற்சியாக இருக்கிறது. விசாரித்தபோது, "இடைக்கால உரையாசிரியர்கள் மூலத்தைத் தங்கள் வசதிக்கு வளைத்துவிட்டார்கள்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, உண்மையென்றால் உரைகளை ஒதுக்கிவிட்டு மூலத்தை மட்டும் எப்படிப் படிப்பது என்று கேட்கிறீர்கள். வளைத்தார்களா என்ற முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: ஆம், பல இடங்களில் வெளிப்படையாகவே வளைத்தார்கள். உங்களை உண்மையில் உறுத்துவது இரண்டாம் பாதி என்று நினைக்கிறேன். செவ்வியல் சீன நூல்களை உரைகளோடு சேர்த்துப் படிப்பதும் கற்பிப்பதும் நெடுங்காலமாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் இருந்து, தாங் அரசகாலம் (618–907) வரையிலான உரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அதற்குப் பின் வந்த சோங் காலத்து உரைகள் வேறோர் உலகம். அவற்றைத் தொட்டால் இந்தப் பதில் முடியாது.

முதலில் மூலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்ப்போம். லாவோட்சுவைப் பொறுத்தவரை நமக்கு நல்ல காலம். 1973இல் மாவாங்துய் கல்லறையில் பட்டுத்துணியில் எழுதிய இரண்டு படிகள் கிடைத்தன. 1993இல் குவோதியெனில் மூங்கில் சில்லுகளில் எழுதிய, இன்னும் பழைய பகுதிகள் கிடைத்தன. இங்கே நான் பேசப்போகும் எல்லா உரைகளுக்கும் இவை முந்தியவை. ஆகவே எந்தச் சொல் பழையது, எது பின்னால் புகுந்தது என்று பல இடங்களில் உறுதியாகவே சொல்ல முடிகிறது. தாவோயிசத்தின் மற்றொரு மூலநூலான ஜுவாங்ட்சுவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஹான் அரசின் நூற்பட்டியல் அந்த நூலில் 52 அத்தியாயங்கள் இருந்ததாகச் சொல்கிறது. இன்று உலகம் முழுக்கப் படிக்கப்படுவது 33 அத்தியாயங்கள். அப்படிக் குறைத்தவர் கி.பி. 312இல் இறந்த குவோ சியாங் என்ற உரையாசிரியர். குறுகிய அறிவுள்ளவர்கள் இடையிடையே விசித்திரக் கதைகளைச் செருகிவிட்டார்கள், பத்தில் மூன்று பங்கு அப்படிப்பட்டது என்று அவரே எழுதிய குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் வெட்டி எறிந்ததில் சில துணுக்குகள் பிற நூல்களின் மேற்கோள்களாக மிஞ்சியிருக்கின்றன, அவ்வளவுதான். அதாவது, உரையைத் தூக்கி எறிந்துவிட்டு ஜுவாங்ட்சுவின் மூலத்தைக் கையில் எடுத்தாலும், அந்த மூலமே உரையாசிரியர் தொகுத்துக் கொடுத்ததுதான்.

இப்போது உங்களைக் குழப்பிய ஆறாம் அத்தியாயம். சில வரிகள்தான். "பள்ளத்தாக்கின் ஆவி சாவதில்லை, அதை மறைபொருளான பெண்மை என்பர்" என்று தொடங்குகிறது. இதற்கு மூன்று பழைய உரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஹேஷாங் குங், அதாவது ஆற்றங்கரைப் பெரியவர், என்ற பெயரில் வழங்கும் உரை, பள்ளத்தாக்கு என்ற எழுத்துக்கு "ஊட்டி வளர்த்தல்" என்று பொருள் கொள்கிறது. வளர்க்க வேண்டியது உடம்பில் குடியிருக்கும் ஆவிகளை. கல்லீரலில் ஒன்று, நுரையீரலில் ஒன்று, இதயத்தில் ஒன்று, சிறுநீரகத்தில் ஒன்று, மண்ணீரலில் ஒன்று என்று ஐந்து. மறைபொருள் என்பது வானம், மனித உடலில் அது மூக்கு; பெண்மை என்பது நிலம், உடலில் அது வாய். மூக்கும் வாயும் வழியாக வானமும் நிலமும் நமக்குள் வந்துபோகின்றன, ஆகவே மூச்சை மெல்ல விடு என்று முடிகிறது. உங்கள் இரண்டாவது மொழிபெயர்ப்பு இந்த உரையின் வழியில் வந்தது. இந்தப் பெரியவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வென் பேரரசருக்கு நேரில் உபதேசித்தார் என்பது மரபுக் கதை. உரை அவ்வளவு பழையதல்ல, பின்னை ஹான் காலத்தை (கி.பி. 25–220) ஒட்டியது என்பதே ஆய்வாளர்களில் பலரின் கருத்து. காலம் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

இரண்டாவது, சியாங்-அர் எனப்படும் உரை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துன்ஹுவாங் குகைகளில் இருந்து ஆரல் ஸ்டைன் லண்டனுக்குக் கொண்டுபோன சுவடிகளில் ஒன்றாக இது தப்பிப் பிழைத்தது. அதுவும் முற்பாதி மட்டும், தொடக்கத்தில் சிதைந்து. இது வானக குருமார் என்ற தாவோயிச சமயக் குழுவின் நூல். அந்தக் குழு ஹான்ஜோங் பகுதியில் தனி ஆட்சியே நடத்தியது. அதன் தலைவர் ஜாங் லூ 215இல் படைத்தலைவர் சாவ் சாவிடம் சரணடைந்தார். அவரே இந்த உரையை எழுதினார் என்பது மரபு, உறுதியான சான்று இல்லை. இந்த உரையில் பள்ளத்தாக்கு என்றால் "விரும்புதல்". ஆவி சாகாமல் இருக்க விரும்புகிறவன் தன் உயிர்ச்சத்தைக் கட்டிக் காத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இவர்கள் விளக்கத்தோடு நிற்கவில்லை, மூலத்திலேயே கை வைத்தார்கள். 25ஆம் அத்தியாயத்தில் தாவோ பெரியது, வானம் பெரியது, நிலம் பெரியது, அரசனும் பெரியவன் என்று வரும். சியாங்-அர் படியில் அரசன் இருக்கும் இடத்தில் "உயிர்" இருக்கிறது. மாவாங்துய், குவோதியென் இரண்டிலும் அரசன்தான் இருக்கிறான். எனவே இந்த ஓரிடத்தில் "மாற்றிவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டு முழுக்க நிற்கும். ஆனால் அவர்கள் நிலையில் நின்று பாருங்கள். 10ஆம் அத்தியாயத்துக்கான உரையில், தாவோ சிதறினால் மூச்சாகும், திரண்டால் குன்லுன் மலையில் ஆட்சி செய்யும் தெய்வமான லாவோட்சுவாகும் என்று எழுதியிருக்கிறார்கள். தெய்வம் நேரில் அருளிய வாக்கில் சாகாமையைத் தேடுகிறவர்களுக்கு, அரசனைப் புகழும் வரி பிழையாகவே பட்டிருக்கும்.

மூன்றாவது வாங் பீ. 226இல் பிறந்து 249இல் நோய்கண்டு இறந்தவர்; அந்த வயதுக்குள் லாவோட்சுவுக்கும் குறிபார்க்கும் பழைய நூலான யீ ஜிங்குக்கும் இன்றுவரை நிற்கும் உரைகளை எழுதிவிட்டார். ஆறாம் அத்தியாயத்தில் அவருக்கு மூக்கும் இல்லை, கல்லீரலும் இல்லை. பள்ளத்தாக்கின் நடுவில் இருக்கும் வெறுமைதான் அதன் ஆவி; உருவமில்லாதது, தாழ்வான இடத்தில் அசையாமல் இருப்பது; அதனால்தான் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகிறது, ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் முதல் மொழிபெயர்ப்பு இவர் வழி. நவீன மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவை இவர் வழிதான், ஏனென்றால் நூற்றாண்டுகளாக அச்சில் பரவலாகக் கிடைத்தது வாங் பீ படியும் ஹேஷாங் குங் படியும். தத்துவம் தேடுகிறவர்களின் கை வாங் பீ பக்கமே போனது.

வாங் பீயின் உரை படிப்பவருக்கு இயல்பாக, "மூலமே இப்படித்தான் சொல்கிறது" என்று தோன்றும்படி இருக்கும். அதனால்தான் அவரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில், வானும் நிலமும் இரக்கமற்றவை, எல்லாவற்றையும் வைக்கோல் நாய்களாக நடத்துகின்றன என்று ஒரு வரி உண்டு. வைக்கோல் நாய் என்றால் என்ன என்று ஜுவாங்ட்சுவே ஓரிடத்தில் சொல்கிறது: பூசைக்காகச் செய்யும் உருவம், பூசைக்கு முன் பட்டுத்துணி சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள், பூசை முடிந்ததும் தெருவில் போவோர் மிதிப்பார்கள், அடுப்பெரிக்க எடுத்துப் போவார்கள். வாங் பீ அதை வைக்கோல் தனி, நாய் தனி என்று பிரித்துவிட்டார். நிலம் விலங்குக்காகப் புல்லை முளைப்பிப்பதில்லை, ஆனாலும் விலங்கு புல் தின்கிறது. மனிதனுக்காக நாயைப் படைப்பதில்லை, ஆனாலும் மனிதன் நாயை உண்கிறான் என்று எழுதுகிறார். சொல்லுக்குப் பொருள் தவறு. ஆனால் அந்தத் தவறான விளக்கத்துக்குள் அவர் வைக்கும் கருத்து, இயற்கை யாருக்காகவும் எதையும் செய்வதில்லை, ஒவ்வொன்றும் தானே தனக்குப் போதும் என்பது, லாவோட்சுவுக்கு அந்நியமானதல்ல. உரைகளைப் படிக்கும்போது அடிக்கடி இப்படி நேரும்.

அவர் ஏன் அப்படிப் படித்தார் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உதவும். இருபது வயதுகூட ஆகாத வாங் பீ, பெய் ஹுய் என்ற பெரிய அதிகாரியைப் பார்க்கப் போனார். "எல்லாவற்றுக்கும் ஆதாரம் இன்மைதான் என்றால், கன்ஃபூஷியஸ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லையே, லாவோட்சு மட்டும் ஏன் ஓயாமல் அதையே பேசுகிறார்?" என்று அவர் கேட்டார். "கன்ஃபூஷியஸ் இன்மையாகவே வாழ்ந்தார். அதைச் சொல்லித்தர முடியாது, அதனால் இருப்பதைப் பற்றிப் பேசினார். லாவோட்சு இன்னும் இருப்புக்குள் நின்றவர், அதனால் தன்னிடம் இல்லாததையே எப்போதும் பேசினார்" என்றார் வாங் பீ. லாவோட்சுவுக்கு உரை எழுதியவரின் கணக்கில், மாமுனிவர் கன்ஃபூஷியஸ். லாவோட்சு அவருக்கு ஒரு படி கீழே! ஹான் பேரரசு 220இல் சரிந்திருந்தது. சடங்கு, ஒழுக்கம், பட்டம், பதவி என்று அது கட்டிய ஏற்பாடு வெறும் கூடாகத் தெரிந்தது. அடுத்து வந்த வெய் அரசவையில் ஹே யான், வாங் பீ போன்றவர்கள் அந்த ஏற்பாட்டை உடைக்க விரும்பவில்லை, அதற்கு ஒரு வேர் தேடினார்கள். லாவோட்சுவின் முழு நூலையும் ஒரே தொடரில் சுருக்கலாம், வேரைப் போற்று, கிளைகள் தானே அடங்கும் என்று வாங் பீ எழுதினார். 249இல் சிமா குடும்பம் ஆட்சியைக் கைப்பற்றியபோது ஹே யான் கொல்லப்பட்டார். வாங் பீ இறந்ததும் அதே ஆண்டுதான்.

குவோ சியாங்கிடம் வந்தால் துணிச்சல் இன்னும் கூடுகிறது. எனக்கு இந்த மரபில் மிகவும் பிடித்தவரும் இவர்தான், மிகவும் எரிச்சலூட்டுகிறவரும் இவர்தான். வாங் பீ எல்லாவற்றுக்கும் அடியில் வைத்த இன்மையை இவர் மறுத்துவிடுகிறார். இன்மை என்பது இல்லாதது. இல்லாதது எதையும் பெற்றெடுக்க முடியாது. படைத்தவன் என்று ஒருவனும் இல்லை. ஒவ்வொரு பொருளும் தானே தோன்றித் தானே மாறுகிறது என்கிறார். ஜுவாங்ட்சுவின் இரண்டாம் அத்தியாயத்தில், ஆயிரம் பொந்துகளில் காற்று புகுந்து ஆயிரம் ஒலிகள் எழுகின்றன, ஊதுகிறவர் யார் என்று கேள்வியோடு ஒரு பத்தி முடியும். ஜுவாங்ட்சு கேட்டுவிட்டு விட்டுவிடுகிறார். குவோ சியாங் பதில் எழுதிவிடுகிறார்: யாரும் இல்லை, பொந்துகளும் குழல்களும் உயிர்களும் சேர்ந்த மொத்தத்துக்கே வானம் என்று பெயர். சீனச் சிந்தனையில் இவ்வளவு தெளிவாக முதற்காரணத்தை மறுத்த எழுத்து எனக்கு வேறு தெரியவில்லை. ஆனால் திறந்திருந்த கேள்வியை மூடிவிட்டார் என்பதும் உண்மை.

இதே கொள்கை மனிதரிடம் வரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். "இலையுதிர் கால வெள்ளம்" அத்தியாயத்தில், வானம் எது, மனிதன் எது என்ற கேள்விக்கு மூலம் சொல்லும் பதில்: மாட்டுக்கும் குதிரைக்கும் நான்கு கால் இருப்பது வானம், குதிரையின் தலையில் கடிவாளம் மாட்டுவதும் மாட்டின் மூக்கைத் துளைப்பதும் மனிதன், மனிதனைக் கொண்டு வானத்தை அழிக்காதே. இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. குவோ சியாங்கின் உரை: மனிதன் வாழ்கிறபோது மாட்டையும் குதிரையையும் பயன்படுத்தாமல் இருக்க முடியுமா? பயன்படுத்துவதென்றால் மூக்கைத் துளைக்காமலும் கடிவாளம் போடாமலும் முடியுமா? மாடும் குதிரையும் அதை மறுப்பதில்லை, ஏனென்றால் அது அவற்றுக்கு வானம் விதித்தது. செயல் மனிதன் கையில் இருந்தாலும் அதன் வேர் வானத்தில் இருக்கிறது. மூலம் கோடு போட்டுப் பிரித்த இரண்டையும் உரை ஒன்றாக்கிவிட்டது. இதை விளக்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை, இது மறுப்பு. "குதிரைக் குளம்புகள்" அத்தியாயத்திலும் இதே கதை. சூடுபோட்டும் மயிர் கத்தரித்தும் குதிரைகளைப் பழக்கி, பாதியைக் கொன்றவன் என்று மூலம் போ லே என்ற குதிரைப் பழக்குநரைச் சாடுகிறது. குவோ சியாங்கோ, குதிரையின் இயல்புக்கு விடு என்றதும் ஏறவே கூடாது என்று புரிந்துகொள்கிறவர்களும், செயலின்மை (வலிந்து எதையும் செய்யாதிருத்தல் என்ற தாவோயிசக் கொள்கை) என்றதும் நடப்பதைவிடப் படுப்பது மேல் என்கிறவர்களும் ஜுவாங்ட்சுவின் கருத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டார்கள் என்கிறார்.

அவர் யாரை நினைத்து எழுதினார் என்பதை முதல் அத்தியாயத்தின் உரையில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். அங்கே யாவ் பேரரசர் நாட்டையே கொடுக்க முன்வர, சூ யூ என்ற துறவி, "காட்டில் கூடுகட்டும் குருவிக்கு ஒரு கிளை போதும்" என்று மறுத்துவிடுவார். படிக்கும் யாருக்கும் சூ யூதான் உயர்ந்தவர் என்று படும். குவோ சியாங் யாவ் பக்கம் நிற்கிறார். மலைக்காட்டில் கைகட்டி மௌனமாக உட்கார்ந்தால்தான் செயலின்மை என்று சொல்வதால்தான் லாவோட்சு, ஜுவாங்ட்சு பேச்சைப் பதவியில் இருப்பவர்கள் தள்ளிவிடுகிறார்கள் என்று எழுதுகிறார். இன்னோரிடத்தில், மாமுனிவர் அரசவையில் அமர்ந்திருந்தாலும் அவர் மனம் மலைக்காட்டில் இருப்பதிலிருந்து வேறல்ல என்கிறார். அவரே பதவியில் இருந்தவர். சிமா குடும்பம் நிறுவிய மேற்கு ஜின் அரசின் கடைசி ஆண்டுகளில் டோங்ஹாய் இளவரசரின் கீழ் பெரும் செல்வாக்கோடு இருந்தார், அந்தச் செல்வாக்கால் பெயரும் கெட்டது என்று வரலாறு சொல்கிறது. 311இல் அதன் தலைநகர் லோயாங் சூறையாடப்பட்டது.

இந்த உரை அவருடையதுதானா என்ற சர்ச்சையையும் சொல்லிவிட வேண்டும். மூங்கில் தோப்பு எழுவர் என்ற அறிஞர் குழுவில் ஒருவரான சியாங் சியூ முன்னரே ஓர் உரை எழுதியிருந்தார், இரண்டு அத்தியாயங்கள் முடியாத நிலையில் இறந்துவிட்டார், குவோ சியாங் அதைத் திருடித் தன் பெயரில் வெளியிட்டார் என்று 5ஆம் நூற்றாண்டுச் சம்பவத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. ஜின் அரசின் வரலாற்றில் சியாங் சியூவின் பகுதியோ, குவோ சியாங் அதை விரித்து எழுதினார் என்று மட்டும் சொல்கிறது. சியாங் சியூவின் உரையில் மிஞ்சியிருக்கும் மேற்கோள்களை ஒப்பிட்டால் சில இடங்கள் ஒத்துப்போகின்றன, சில இடங்களில் கருத்தே வேறாக இருக்கிறது. ஆகவே கடன் வாங்கினார் என்பது உறுதி, எவ்வளவு என்பது சந்தேகம். இதில் நான் கவனித்த ஒன்று: அந்தத் திருட்டுக் கதையின்படியே, குவோ சியாங் தானாக எழுதியவை "இலையுதிர் கால வெள்ளம்", "உச்ச இன்பம்" இரண்டும், மாற்றி எழுதியது "குதிரைக் குளம்புகள்" என்ற ஒன்றும். மேலே காட்டிய குதிரை உரைகள் இரண்டும் அவற்றுள்தான் வருகின்றன. கதை முழுக்க உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், கடிவாளத்துக்கு வானத்தின் அனுமதி வாங்கிக் கொடுத்தவர் குவோ சியாங்தான்.

அவர் காலத்துக்குப் பிறகு இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஜி துன் என்ற பௌத்தத் துறவி, 314இல் இருந்து 366 வரை வாழ்ந்தவர், முதல் அத்தியாயத்தைப் பற்றிய உரையாடல் ஒன்றில் இருந்தார். அவரவர் இயல்புப்படி வாழ்வதே விடுதலை, மாபெரும் பெங் பறவையும் சின்னக் காடையும் ஒன்றே என்று குவோ சியாங் வழியில் மற்றவர்கள் பேசினார்கள். "கொடுங்கோலன் ஜியேயின் இயல்பும் கொள்ளையன் ஜியின் இயல்பும் கொலைதானே, இயல்புப்படி வாழ்வது விடுதலை என்றால் அவர்களும் விடுதலை பெற்றவர்களா?" என்று ஜி துன் கேட்டார். பிறகு போய்த் தனியாக ஓர் உரை எழுதினார். மூலத்திலோ பெங்கையும் காடையையும் ஒப்பிட்ட பின், "சிறியதற்கும் பெரியதற்கும் உள்ள வேறுபாடு இது" என்று தெளிவாக ஒரு வரி நிற்கிறது. வெளியில் இருந்து வந்த சமயத்தின் துறவி இங்கே சீன உரையாசிரியரைவிட மூலத்துக்கு நெருக்கமாக நின்றார் என்பதே என் தீர்ப்பு.

பௌத்தத்தின் தாக்கம் தாங் காலத்தில் முழு வடிவம் எடுக்கிறது. அரச குடும்பத்தின் குடிப்பெயரும் லாவோட்சுவின் குடிப்பெயரும் லீ என்பதால், லாவோட்சு அரசரின் மூதாதையாகவே ஆகிவிட்டார். 631இல் தலைநகருக்கு அழைக்கப்பட்ட செங் சுவான்யிங் என்ற தாவோயிசத் துறவி, லாவோட்சுவின் முதல் அத்தியாயத்தின் கடைசியில் வரும் "மறைபொருளுக்குள் மறைபொருள்" என்ற தொடரைப் பிடித்துக்கொண்டார். முதல் மறைபொருள் இருப்பு, இன்மை என்ற இரண்டு பிடிகளையும் விடுவிக்கிறது. விட்டுவிட்டேன் என்பதையே பிடித்துக்கொள்ளும் நோய் பிறகு வரும், இரண்டாவது மறைபொருள் அதையும் போக்குகிறது என்றார். நாகார்ஜுனரின் மத்யமகம் என்ற பௌத்தத் தத்துவத்தைப் படித்தவர்களுக்கு இந்த நடை உடனே பிடிபடும். குமாரஜீவர் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொழிபெயர்த்த நூல்கள் வழியாகச் சீனத்துக்குப் போன வாதமுறை அது. செங், குவோ சியாங்கின் ஜுவாங்ட்சு உரைக்கும் ஒரு விளக்கவுரை எழுதினார். பழைய பதிப்புகள் பலவற்றில் இரண்டும் சேர்ந்தே வரும்.

இதில் நம் பக்கத்தோடு தொடர்புள்ள ஒரு செய்தி இருக்கிறது. காமரூப (இன்றைய அசாம்) மன்னர் கேட்டதையொட்டி, 647இல் லாவோட்சுவைச் சமஸ்கிருதத்தில் மொழிபெயர்க்கும்படி பேரரசர் ஆணையிட்டார். பொறுப்பு, காஞ்சிபுரத்தைப் பற்றிக் குறிப்பு எழுதிவைத்த அதே யுவான் சுவாங்கிடம் வந்தது; தாவோயிசத் தரப்பில் உட்கார்ந்தவர்களில் செங்கும் ஒருவர். அவர்கள் மத்யமக நூல்களை மேற்கோள் காட்டி லாவோட்சுவை விளக்க, யுவான் சுவாங் மறுத்தார்: இரண்டு போதனைகளும் வேறு, பௌத்த நூலைக் கொண்டு ஏன் இதை விளக்குகிறீர்கள் என்றார். தாவோவுக்குப் "போதி" என்று போடச் சொன்னார்கள்; அவர் "மார்க்கம்" என்பதில் உறுதியாக நின்றார். இந்த விவரம் பௌத்தத் தரப்பின் பதிவில் மட்டும் வருகிறது, மற்ற தரப்பின் வாதம் அதே அளவுக்குப் பதிவாகவில்லை என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். மொழிபெயர்ப்பும் இன்று இல்லை.

இனி உங்கள் இரண்டாம் பாதிக் கேள்வி. லாவோட்சுவைப் பொறுத்தவரை, மாவாங்துய் படியை அடிப்படையாகக் கொண்ட மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கி, உங்களிடம் இருக்கும் இரண்டோடும் ஒப்பிட்டுப் படியுங்கள். சொற்களில் உரையாசிரியர் கை எங்கே பட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பொருளில் அப்படிப் பிரிக்க முடியாது. பள்ளத்தாக்கு என்றால் மலைப்பள்ளம் மட்டுமா, உடம்புமா என்பதைப் பட்டுச்சுவடி சொல்லாது. மூச்சையும் உடலையும் பற்றிய வரிகள் மூலத்திலேயே, பத்தாம் அத்தியாயத்தில், இருப்பதால், உங்கள் இரண்டாவது மொழிபெயர்ப்பைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். ஜுவாங்ட்சுவில் முதல் ஏழு அத்தியாயங்களை உரை இல்லாமல் ஒருமுறை படித்துவிட்டு, பிறகு குவோ சியாங் உரையோடு வரும் மொழிபெயர்ப்பை எடுங்கள். ஆங்கிலத்தில் இப்போது கிடைக்கிறது. அவர் "இதன் கருத்து என்னவென்றால்" என்ற தொனியில் தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, அதற்கு மேலே உள்ள மூல வரியை மறுபடி படியுங்கள். முதல் அத்தியாயத்தில் யாவ், சூ யூ பத்தியில் இருந்தே தொடங்கலாம்.